எட்டுப் பாகம் கயிறு

சுவரில் மாட்டியிருந்த கத்தி நனைந்திருந்தது.

அம்புறோஸ் முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஐப்பசி மாதம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு, நாள் முழுக்க உப்புக் காற்று. நெடுந்தீவில் இரும்பு வியர்ப்பது ஒன்றும் புதினமில்லை. சாறத் தலைப்பால் அலகைத் துடைத்தான், சுறா எண்ணெய் ஒரு சொட்டுத் தடவினான், திரும்பவும் ஆணியில் மாட்டினான். குசினி வாசலில் தொங்கிய சாக்கை விலக்கி முற்றத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பியபோது கத்தியின் நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. அவன் பார்க்கப் பார்க்க அது விழுந்தது. அடுத்த துளி ஊறத் தொடங்கியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். கரித்தது. வியர்வைக் கரிப்பல்ல, கடல் கரிப்பு. இருபது வருஷம் கடல்நீரில் வாய் கொப்பளித்தவனுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே சுவரில், அதே வரிசையில் தொங்கிய குறடும் அரமும் உலர்ந்திருந்தன.

நேரம் என்னவோ நடு மத்தியானம்தான். வெளியே பனை வடலிகளில் வெயில் எரித்துக்கொண்டிருந்தது. அடுப்படிக் குசினிக்குள் மட்டும் இருட்டு. சன்னலுக்கு இரட்டைச் சாக்கு, வாசலுக்கு ஒரு சாக்கு, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் கிடந்த ஓட்டைகளுக்குப் பழைய வலைத் துண்டுகள் என்று அவனேதான் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தான். இரவில் நெருப்பு மூட்டினால் கூரைக்கு மேலே பறக்கும் பொறி கடலில் ரோந்து போகிற கடற்படையின் கண்ணில் படும். ஆகவே பகலில்தான் வேலை செய்யலாம். பகல் வெளிச்சத்திலோ பழுத்த இரும்பின் நிறம் தெரியாது. நிறம் பார்க்காமல் அடித்த அலகு ஒன்றுக்கும் உதவாது. அதனால் பகலை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே தனக்கென்று ஒரு இரவைக் கட்டிக்கொண்டான். கட்டியபோது தன் கெட்டித்தனத்தை நினைத்து அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவன் பரம்பரைக் கொல்லன் இல்லை. சங்குக்கும் மீனுக்கும் போய் வந்த கடலாளி. அந்த எண்பத்தாறாம் ஆண்டில் கடலுக்குப் போகத் தடை. வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. குறிகாட்டுவானிலிருந்து சாமான் கொண்டுவரும் படகு வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. தீவில் இருந்த ஒரே கொல்லர் மகளைப் பார்க்க யாழ்ப்பாணம் போனவர், போன இடத்திலேயே நின்றுவிட்டார். வீடுகளில் இருந்த கத்திகள் தீட்டித் தீட்டி ஈர்க்கு மாதிரி ஆகிவிட்டன. கத்தி தந்தால் நெல் தருவோம், பனங்கிழங்கு ஒடியல் தருவோம் என்று ஆட்கள் வாய்விட்டே சொன்னார்கள். வீட்டிலே அவனுடைய தங்கச்சி மாக்கிறேற் நிறைமாதமாக இருந்தாள். புருஷன் இல்லாதவள். அவளுக்குச் சோறு போட வேண்டியது அம்புறோஸ்தான்.

தொடங்கும்போது அவனிடம் இருந்தவை ஒரு சுத்தியல், ஒரு குறடு, பல்லுப் போன அரம் ஒன்று. பழுதாய்ப் போன வள்ள எஞ்சினின் கனத்த இரும்பைக் கழற்றி மணலில் புதைத்து, அதையே அடிகட்டையாக்கி அதன்மேல் வைத்து அடித்தான். கரிக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பனங்கொட்டையைப் பிளந்து உள்ளே இருக்கிற இனிப்பான பூரானைத் தின்ன எடுத்த பிறகு வீசுகிற வெறும் ஊமல் வேலியோரமெல்லாம் கிடந்தது, அதைச் சுட்டால் நல்ல கரி. இறந்துபோன கன்றின் தோலையும் இரண்டு பலகைகளையும் வைத்துத் துருத்தி ஒன்று செய்தான். மேல்பலகையில் கட்டிய கயிறு கூரையின் குறுக்கு வளைமேல் ஏறி அவன் கையில் இறங்கியது. இழுத்தால் துருத்தி மூச்செடுக்கும், விட்டால் மேலே வைத்த கல்லின் பாரத்தில் மூச்சு நெருப்புக்குப் போகும். பற்றரி தீர்ந்து பேசாமல் கிடந்த றேடியோவை உடைத்து அதன் காந்தத்தை எடுத்தான். பழுத்த இரும்பைக் காந்தம் பிடிக்காமல் விடுகிற நேரம்தான் தோய்ச்சல் போடுகிற நேரம் என்று அந்தக் கொல்லர் ஒருநாள் சொன்னது அவனுக்கு நினைவிருந்தது.

சன்னல் கம்பியை அடித்தான். கத்தியின் வடிவம் வந்தது, கத்தி வரவில்லை, பூசணிக்காயில் வளைந்தது. உடைந்த அரத்துண்டு ஒன்றை அடித்துப் பச்சைத் தண்ணீரில் தோய்த்தான். டிக் என்று ஒரு சத்தம், அலகு நடுவால் வெடித்துவிட்டது. எண்ணெயில் தோய்க்க வேண்டும் என்று விளங்கியது. நல்லெண்ணெய்க்கு எங்கே போவது? வள்ளத்துக்குப் பூச வைத்திருந்த சுறா எண்ணெயைத் தகரத்தில் ஊற்றினான். அதற்குப் பிறகு வீடு முழுக்க அந்த நாற்றம்தான். மாக்கிறேற் மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்தப் பிள்ளை பிறந்ததும் தாயின் பாலைத் தேடாது, சுறாவைத்தான் தேடும் என்று சொல்லிச் சிரித்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

எல்லாம் இருந்தது, நல்ல இரும்பு மட்டும் இல்லை. நல்ல இரும்பு இருக்கிற ஒரே இடம் அவனுக்குத் தெரியும். தெரியாதது போல ஒரு கிழமை இருந்து பார்த்தான்.

செத்தவர்களைப் புதைக்கிற சேமக்காலையில் இருந்தது அது. மாக்கிறேற்றின் புருஷன் இராயப்புவின் நங்கூரம்.

இராயப்பு சங்கு குளிக்கிறவன். இடுப்பில் கயிறு கட்டி இறங்குவான்; மேலே வள்ளத்தில் கயிறு பிடிப்பது அம்புறோஸ். குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்க மனைவியின் அண்ணனோ தம்பியோதான் வேண்டும் என்பது அந்தக் கரையில் எழுதாத சட்டம். தன் சகோதரி தாலியறுக்க எவனும் கயிற்றைக் கைவிடமாட்டான் என்ற கணக்கு. கீழேயிருந்து மூன்று தரம் இழுவை வந்தால் ஆளை மேலே தூக்க வேண்டும். பங்குனி மாதத்தில் ஒருநாள், தடைக்குள் களவாகப் போனபோது, இராயப்பு எட்டுப் பாகம் ஆழத்தில் போய்த் திரும்பி வரவில்லை. இரண்டு கைகளையும் விரித்தால் வருவது ஒரு பாகம். எட்டுப் பாகம் ஒன்றும் பெரிய ஆழமில்லை. கயிறு கல்லில் தேய்ந்து அறுந்துவிட்டது, அதற்குள் ரோந்துப் படகு வந்துவிட்டது, ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை என்று அம்புறோஸ் ஊருக்குச் சொன்னான். மாக்கிறேற்றுக்கும் அதையேதான் சொன்னான். வயிற்றில் பிள்ளை இருப்பது அப்போது அவளுக்கே தெரியாது.

கடல் தன்னோடு வைத்துக்கொண்ட ஆளுக்குச் சேமக்காலையில் வெறுங்குழி வெட்டி, அவன் உடுத்திய சேட்டு ஒன்றைப் போட்டு மூடி, தலைமாட்டில் அவன் வள்ளத்து நங்கூரத்தை நடுவார்கள். அலையாமல் ஓரிடத்தில் தரித்து நிற்கட்டும் என்று. இராயப்புவின் நங்கூரம் நிலம் கிண்டுகிற பழைய அலவாங்கை வளைத்து அவனே செய்வித்தது. அலவாங்கு இரும்பு என்றால் அடிக்கலாம், தோய்க்கலாம், மூன்று கத்திக்குக் காணும்.

கீழே ஆளில்லையே, வெறும் சேட்டுத்தானே என்று அம்புறோஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஊர் படுத்துறங்கும் ஒரு மத்தியானத்தில் போய் நங்கூரத்தைப் பிடுங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். அந்த இடத்தில் ஒரு மரச்சிலுவையை நட்டான். பிடுங்கிய ஓட்டைக்குள் தண்ணீர் நின்றது. மழை பெய்து இரண்டு மாதம். அவன் அதைக் காலால் மண் தள்ளி மூடினான்.

அந்த இரும்பு நன்றாகத்தான் பழுத்தது. முற்றிய பனம்பழத்தின் நிறம் வந்து, காந்தம் பிடிக்காமல் விட்டதும், சுறா எண்ணெயில் இறக்கினான். புகை எழும்பியது. மணம் மட்டும் பிழையாக இருந்தது. எண்ணெய் மணம் இல்லை. வற்றுக் கடலில் பாசி வெயிலில் காய்கிற மணம். அலகு கோணலில்லாமல், வெடிப்பில்லாமல், தலைமயிரை வெட்டுகிற கூரோடு வந்தது. முதல் கத்தி மாட்டுக்கு ஓலை வெட்டும் முருகேசுவுக்குப் போனது, அரை மூட்டை நெல் வந்தது. இரண்டாவதுதான் இப்போது சுவரில் தொங்கி நீர் வடிக்கிறது. மூன்றாவது, பிடி போடாமல், கூர் வைக்காமல் அடிகட்டையில் கிடந்தது.

அன்று பின்னேரம் முருகேசு கத்தியைத் திருப்பிக் கொண்டுவந்தான். வாசலுக்குள் வரவில்லை. வேலிக்கு அப்பால் நின்று, வாழைச்சருகில் சுற்றிய கத்தியைக் கல்வேலிமேல் வைத்தான். கத்தி வெட்டவில்லையா என்று அம்புறோஸ் கேட்டான். வெட்டுகிறது, வெட்டின ஓலையை மாடுகள் தின்னுவதில்லை என்றான் முருகேசு. மணந்து பார்த்துவிட்டுப் பின்னுக்குப் போகின்றனவாம். பட்டினி கிடந்தாலும் வாய் வைப்பதில்லையாம்.

"அதுகூடப் பறவாயில்லை," என்றான். "நேற்று பனையிலை நிண்டனான். உந்தக் கத்தி இடுப்பிலை. கீழை இருந்து ஆரோ என்ரை இடுப்பைப் பிடிச்சு இழுத்தவை. மூண்டு தரம். குனிஞ்சு பாத்தால் ஒரு குருவியும் இல்லை."

அம்புறோஸ் கல்வேலிமேல் கிடந்த சருகைப் பார்த்தான்.

"நெல்லு உம்மோடை கிடக்கட்டும். எனக்கு உது வேண்டாம்," என்று சொல்லிவிட்டு முருகேசு போனான். மூன்று தரம் என்றால் என்ன என்று முருகேசுவுக்குத் தெரியாது. அவன் விவசாயக்காரன்.

அந்தக் கத்தியை அம்புறோஸ் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. கரைக்குப் போய்த் தன்னால் ஏலுமான தூரத்துக்கு எறிந்தான். இனிப் பயமில்லை என்று நினைத்தான். பயந்தவன் எதையும் நினைப்பான்.

அடுத்த நாள் துருத்திக் கயிறு அவன் கைக்குள் அசைந்தது.

அவன் அப்போது இழுக்கவில்லை. கயிற்றை வெறுமனே பிடித்தபடி நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் வளை கிறீச்சிட்டது. கயிறு இறுகியது. தளர்ந்தது. இறுகியது. தளர்ந்தது. மூன்றாம் முறை இறுகியபோது உள்ளங்கையில் தும்பு உரசி எரிந்தது. துருத்தி மூன்று மூச்செடுத்தது, நெருப்பு மூன்று தரம் சிவந்தது. கயிற்றின் மிச்சம் மூலையில் சுருட்டிக் கிடந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தான். சுருள் நனைந்திருந்தது.

அந்தக் கயிற்றைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது புதுக் கயிறு இல்லை. கயிறு வாங்க எங்கே கடை? பன்னிரண்டு பாகக் கயிற்றில் எட்டுப் பாகம் இராயப்புவோடு போக, அம்புறோஸின் கையில் மிஞ்சிய நாலு பாகம் அது. அதன் நுனியை அவன் கரைக்கு வருமுன் வள்ளத்தில் பாரத்துக்குக் கிடந்த முருகைக்கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பிய்த்திருந்தான். தேய்ந்து அறுந்தது போல இருக்க வேண்டும் அல்லவா?

உண்மை இதுதான். கீழேயிருந்து மூன்று இழுவை வந்தது. அம்புறோஸ் தூக்கினான். கயிறு ஏதோ கல்லிடுக்கில் சிக்கிக்கொண்டு வரவில்லை. தூரத்தில் ரோந்துப் படகு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. கயிற்றை வள்ளத்தின் குறுக்குப் பலகையில் கட்டிவிட்டு முன்பக்கம் ஓடிப்போய் நங்கூரத்தை ஏற்றினான். இரும்பு அருமையான சாமான், அதை விட்டுவிட்டு வரக் கை கேட்கவில்லை. அவன் நங்கூரத்தை ஏற்றி முடிக்கும் வரை பின்னால் பலகை தட்டிக்கொண்டே இருந்தது. மூன்று. நிறுத்தி, மூன்று. நிறுத்தி, மூன்று. பிறகு திரும்பி வந்து வீட்டுக் கத்தியால் கயிற்றை வெட்டினான், கத்தியையும் கடலுக்குள் போட்டான். ரோந்துப் படகு கிட்ட வரவேயில்லை. அது பாதியிலேயே வேறு பக்கம் திரும்பிப் போனது.

இது மாக்கிறேற்றுக்குத் தெரியக் கூடாது. உலகத்தில் அவனுக்கு இருந்த ஒரே ஆள் அவள்.

நவம்பர் இரண்டாம் திகதி ஆத்துமாக்கள் திருநாள். தீவில் இருக்கிற அத்தனை கத்தோலிக்கச் சனமும் சேமக்காலைக்குப் போய்ப் புல்லுப் பிடுங்கி மெழுகுதிரி கொளுத்துகிற நாள். நிறைமாத வயிற்றோடு நீ வராதே, உன் பங்குக்கும் நானே கொளுத்துகிறேன் என்று அம்புறோஸ் முதல்நாளே சொல்லிவைத்தான். அவள் ஓம் என்று தலையாட்டினாள். காலையில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவன் குசினிக்குள் துருத்திக் கயிற்றை அவிழ்த்து எரித்துவிடலாமா என்று பார்த்துக்கொண்டு நின்றான். முடிச்சு நனைந்து கல்லாக இறுகியிருந்தது, அவிழவில்லை. கோயில் மணி செத்தவர்களுக்காக விட்டு விட்டு அடித்தது.

மத்தியானம் போல வாசல் சாக்கு விலகியது. மாக்கிறேற் முழுக்க நனைந்திருந்தாள். கையில் கொளுத்தாத மெழுகுதிரி.

"அண்ணை, அவரின்ரை நங்கூரம் எங்கை?"

கறள் பிடித்துவிட்டது, சுத்தமாக்கக் கொண்டுவந்தேன் என்று அவன் சொன்னான். சொல்லும்போதே அவள் கண் சுவருக்குப் போய்விட்டது. சுவரில் தொங்கியதையும் அடிகட்டையில் கிடந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கத்தவில்லை, அழவில்லை. வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றி, மற்றக் கையால் வயிற்றைத் தாங்கினாள்.

"பசிக்குத்தானே எடுத்தனீங்கள். அது காரியமில்லை," என்றாள். "ஆனால் ஒண்டு கேக்கிறன். ஒரு நிமிஷமும் நிக்க ஏலாமல் ஓடி வந்தனான் எண்டியள். அப்ப நங்கூரத்தை எப்ப ஏத்தினனீங்கள்?"

ஏழு மாதமாக ஊரே அந்த நங்கூரத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றது. ஒருவராவது இதைக் கேட்கவில்லை.

அம்புறோஸ் அடிகட்டையில் கிடந்த அலகைத் திருப்பி வைத்தான். பதில் சொல்ல வேண்டிய நேரம் கழிந்துகொண்டே போனது, அதுவே பதிலாகவும் ஆகிக்கொண்டு போனது. மாக்கிறேற் அவனையே பார்த்தாள். பிறகு அவள் முகம் கோணியது. குனிந்தாள். காலடியில் நீர் கொட்டித் தரை நனைந்தது.

இரண்டு வளவு தள்ளியிருந்த மருத்துவிச்சி சின்னத்தங்கத்தை மழைக்குள் ஓடிப்போய்க் கூட்டிவந்தான். அவள் மாக்கிறேற்றை அறைக்குள் கிடத்தி, தண்ணீர் கொதிக்க வையும் என்று அவனைக் குசினிக்கு விரட்டினாள். அறைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். அவன் நெருப்பை மூட்டினான். துருத்தியைத் தொடாமல் வாயால் ஊதினான். கொஞ்ச நேரத்தில் சின்னத்தங்கம் திரையால் தலையை நீட்டி, தொப்புள்கொடி வெட்டப் புது பிளேட் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. படகு வந்து இருபது நாள்; தீவிலேயே பிளேட் இல்லை.

"கத்தி செய்யிற வீட்டிலை கத்தி இல்லையெண்டு சொல்லாதையும். உதென்ன சுவரிலை?"

"அது சரியில்லை அக்கா."

"ஏன், வெட்டாதோ?"

"வெட்டும்."

"பேந்தென்ன. அவிச்சுத் தாரும்."

அவித்தான். பானைத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். கத்தி இறங்கியதும் அது கலங்கி, மேலே நுரை கட்டி, பானையின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. பாசி மணம் குசினியை நிறைத்தது. அயல் வீடுகளுக்கு ஓடி ஒரு பழைய கத்தியாவது கேட்கலாம் என்று எழுந்தான். அறைக்குள் மாக்கிறேற் அடித்தொண்டையில் கத்தினாள், சின்னத்தங்கம் கையை நீட்டிக் கத்தி, கத்தி என்றாள். கொடுத்துவிட்டான்.

மழை கூரையில் இரைந்தது. பிறகு கொஞ்சம் குறைந்தது.

வெட்டியாயிற்று, பொடியன் என்றது சின்னத்தங்கத்தின் குரல். அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிள்ளையின் முதுகில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஈரத் துணியில் தட்டுகிற மாதிரி. திரும்பவும் தட்டினாள். பிள்ளை அழவில்லை.

"மூச்செடுக்குதில்லை," என்றாள். யாருக்கும் சொல்லவில்லை, தனக்குத்தான் சொன்னாள்.

குசினியில் துருத்தி மூச்செடுத்தது.

அம்புறோஸ் திரும்பிப் பார்த்தான். மேல்பலகை தானாக எழும்பியது. இறங்கியது. எழும்பியது. வளை கிறீச்சிட்டது. மூன்று தரம். நின்றது.

மூலையில் கயிற்றுச் சுருள் இல்லை.

கயிறு வளையிலிருந்து இறங்கி, தரையோடு தரையாக, வாசல் சாக்கின் அடியால் வெளியே போயிருந்தது. நாலு பாகக் கயிறு. வாசலைத் தாண்ட அதற்கு நீளம் காணாது. தாண்டியிருந்தது. சாக்குக்கு அப்பால் முற்றம், முற்றத்துக்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் கடல். கயிறு வீணை நரம்பு மாதிரி இறுகி நின்றது. அதிலிருந்து நீர் சொட்டியது.

மூன்று. நிறுத்தி, மூன்று.

அவன் கை அடிகட்டைக்குப் போனது. மூன்றாவது அலகு. பிடி இல்லை, கூர் இல்லை. ஆனாலும் ஒரு கயிற்றுக்குக் காணும். அவன் அதை எடுத்துக் கயிற்றில் வைத்தான். வைத்த கை நடுங்கவில்லை. முன்பு செய்த வேலைதானே. அது நடுங்காததுதான் அவனுக்குப் பெரிய பயமாக இருந்தது.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாக்கிறேற் பேசினாள். அவளுக்கு இங்கே நடப்பது ஒன்றும் தெரிய வழியில்லை. வளை கிறீச்சிட்டதுதான் கேட்டிருக்கும். அவள் சங்கு குளிக்கிறவனின் மனைவி, எண்ணத் தெரியும்; அண்ணன் சொல்லாமல் விட்ட பதிலும் இப்போது தெரியும்.

"வெட்டாதேங்கோ அண்ணை," என்றாள். "இழுங்கோ."

அலகு கீழே விழுந்தது.

இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தான். குளிர். பாசி வழுக்கியது, சிப்பி கீறியது. இழுத்தான்.

ஒரு பாகம்.

அறைக்குள் பிள்ளை விக்கியது. ஒரே ஒரு மூச்சு.

"வருகுது," என்றாள் சின்னத்தங்கம். "நிண்டிட்டுது."

இரண்டு. திரும்பவும் ஒரு விக்கல். கையை நிறுத்தினால் அறையில் சத்தம் நிற்கிறது. இழுத்தால் வருகிறது. அவனுக்கு விளங்கிவிட்டது. மூன்று. கயிற்றின் மறுபக்கம் பாரம். மணலில் இழுபடுகிற பாரம். நாலு. வேலிக் கற்கள் சரிந்து விழுகிற சத்தம். ஐந்து. உள்ளங்கை கிழிந்தது. பிள்ளை விக்கியது. ஆறு. முற்றத்தில் மழை பெய்கிற சத்தத்துக்குள் வேறொரு நீர்ச் சத்தம். ஒரு ஆளிலிருந்து வடிகிற அளவு நீர்.

ஏழு.

சாக்கின் அடியில் தண்ணீர் உள்ளே வந்தது. அவன் காலைத் தொட்டது.

எட்டு.

கயிறு நின்றது. இனி வர ஒன்றுமில்லை. வர வேண்டியது வாசலில் நின்றது.

சாக்கு கீழிருந்து நனைந்துகொண்டு ஏறியது. முழங்கால் உயரம். இடுப்பு உயரம். இடுப்பில் கயிறு போகிற இடம் உள்ளே புடைத்தது. தோள். ஈரச் சாக்கு அப்பால் நிற்பதோடு ஒட்டிக்கொண்டது. நெற்றி. மூக்கு. கண் இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் பள்ளம்.

அறைக்குள் பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டது. தட்டுகிற சத்தமும் நின்றுவிட்டது.

"அண்ணை," என்றாள் மாக்கிறேற்.

அவன் இன்னும் ஒரு தரம் இழுத்தான்.

சாக்கில், வாய் இருக்க வேண்டிய இடம் மெதுவாக அந்தப் பக்கம் உள்வாங்கியது. ஏழு மாதமாக எடுக்காத மூச்சு அது. இன்னும் எடுத்து முடியவில்லை.

பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கியது. அம்புறோஸ் கயிற்றை விடவில்லை.